டூட்டிங்கில் குறும்படம்: கவுன்சில் அனுமதி எடுத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

கறுப்புக்குடை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். பகலில் கணக்கு எழுதுவது என் தொழில், இரவில் கதை எழுதுவது வியாதி. மூன்று வருடமாகச் சேர்த்த காசில் 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறேன். இரவு வேலை முடிந்து விடிய வீட்டுக்கு வரும் தகப்பன், பள்ளிக்கூடம் புறப்படும் ஒன்பது வயது மகள். இரண்டு பேரும் ஒரு நாளில் சந்திப்பது தெருவில் அந்தப் பத்து நிமிடம்தான். கதை அவ்வளவுதான்.

எடுக்க நினைக்கும் இடங்கள், எல்லாம் தெற்கு லண்டனில்: டூட்டிங் பிரோட்வே ஸ்டேஷன் வாசல் (எட்வர்ட் மன்னர் சிலை தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்), ஹை ஸ்ட்ரீட் நடைபாதை, பக்கத்தில் வீடுகள் உள்ள ஒரு சின்னத் தெரு, டூட்டிங் காமன் என்ற பொதுப் புல்வெளியில் ஒரு பெஞ்ச். இது போக, இருட்டுச் சந்தில் ஒரு பொடியன் விளையாட்டுத் துப்பாக்கியைக் காட்டித் தகப்பனிடம் பணம் பறிக்கும் காட்சி ஒன்றும் இருக்கிறது. என்னோடு சேர்த்து ஏழு பேர். ஒரு கமரா, முக்காலி, ஒலிக்காரர், பற்றரியில் எரியும் விளக்கு ஒன்று. நவம்பர் கடைசியில் மூன்று நாள்.

போன மாதம் ஒத்திகை பார்க்க ஹை ஸ்ட்ரீட்டில் முக்காலியை விரித்தோம். பத்து நிமிடம் ஆகவில்லை, சீருடைக்காரர் ஒருவர் வந்து "பேப்பர் இருக்கிறதா?" என்றார். பொலிசா, உள்ளூராட்சிக் கவுன்சிலா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி வேண்டாம் என்கிறார்கள் சிலர். வேண்டும் என்கிறார்கள் சிலர். கவுன்சில் இணையதளத்தில் படிவத்தைத் திறந்தால் காப்புறுதி, அபாய மதிப்பீடு, குடியிருப்பாளர் கடிதம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பாதியில் மூடிவிட்டேன். உண்மையில் என்ன தேவை, யாரிடம் கேட்க வேண்டும், எவ்வளவு நாள் முன்னால்?

சும்மா ஒருவன் எழுதுகிறார்:

முக்காலியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஃபோனில் எடுங்கள். மூன்று பேர் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் இரண்டு படம் இப்படித்தான் முடித்தேன், ஒரு படிவமும் நிரப்பவில்லை. கவுன்சிலிடம் கேட்டால்தான் "இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கும்.

முக்காலி அக்கா எழுதுகிறார்:

தம்பி கறுப்புக்குடை, பதினொரு வருடம் லண்டன் தெருக்களில் மஞ்சள் ஜாக்கெட் போட்டு "கொஞ்சம் பொறுங்கள், ஷாட் போகிறது" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். படப்பிடிப்பு இடங்களைப் பார்த்துக்கொள்ளும் லொக்கேஷன் வேலை. அதனால் நீளமாக எழுதுவேன், தேநீர் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சும்மா ஒருவன் சொல்வதில் பாதி சரி. இந்த நாட்டில் பொது இடத்தில் நின்று படம் எடுப்பதற்குப் பொதுவாக ஒரு தடையும் இல்லை. பொதுமக்களுக்குப் படம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்று லண்டனின் மெட் பொலிசே எழுதி வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவை வைத்துப் படம் எடுப்பவர்களை நிறுத்திச் சோதித்த காலம் ஒன்று இருந்தது. 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது மனித உரிமையை மீறுகிறது என்ற பிறகு அந்தப் பிரிவே போய்விட்டது. 43ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு நீங்கள் பயங்கரவாதி என்று நியாயமான சந்தேகம் வேண்டும். உங்கள் முக்காலியைப் பார்த்து அப்படி யாருக்கும் வராது.

அப்படியென்றால் கவுன்சில் எதற்குத்தான் அனுமதி தருகிறது? நடைபாதையை மறிப்பதற்கு. தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் உரியது அந்த இடம், அதில் முக்காலியின் மூன்று கால்களை ஊன்றுகிறீர்கள். யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அந்தப் படிவத்தின் முழு விஷயமும். இதை மனதில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தால் அது பயமுறுத்தாது. காப்புறுதி ஏன், ஆட்களின் எண்ணிக்கை ஏன், வயர் தரையில் ஓடுமா என்று ஏன் கேட்கிறார்கள் என்பதெல்லாம் விளங்கும்.

இனி உங்கள் இடங்கள். லண்டனில் 32 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகள், அதற்கு மேல் சிட்டி ஒஃப் லண்டன். டூட்டிங் வொண்ட்ஸ்வேர்த்துக்குள் வருகிறது, ஆகவே முதல் ஃபோன் அந்தக் கவுன்சிலில் படப்பிடிப்பு அனுமதியைக் கவனிக்கும் ஃபிலிம் ஆபீசுக்கு. ஆனால் நீங்கள் சொன்ன நாலு இடங்களுக்கும் சொந்தக்காரர் ஒருவர் இல்லை, அங்கேதான் சிக்கல்.

ஸ்டேஷன் வாசலில் லண்டன் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல் வருகிறது. உள்ளே எடுக்க அவர்களுடைய ஃபிலிம் ஆபீசிடம் தனியாகக் கேட்க வேண்டும். அந்தச் சிவப்பு வட்டச் சின்னமும் அவர்களுடைய பதிவு செய்த வணிகச் சின்னம், அதைப் பெரிதாகக் காட்டினால் அதற்கும் கேட்பார்கள். ஹை ஸ்ட்ரீட், ஏ24 என்ற பெரிய ரோடு. ரோட்டு ஓரத்தைப் பாருங்கள், சிவப்புக் கோடு. சிவப்புக் கோட்டு ரோட்டைப் பார்ப்பது கவுன்சில் இல்லை, டிஎஃப்எல். இரண்டு அடி தள்ளிப் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினால் கவுன்சில். காமன், கவுன்சிலின் பூங்காப் பகுதி. அங்கே இருக்கும் கூரை போட்ட சந்தைகள் ஆசையைக் கிளப்பும், எனக்குத் தெரியும். அவை தனியாருடையவை, உரிமையாளரிடமும் கடைக்காரரிடமும் கேட்டால் போதும், கவுன்சில் குறுக்கே வராது. (பொது இடம் போலவே தெரியும் தனியார் இடங்கள் லண்டன் முழுக்க உண்டு. கனரி வோர்ஃபில் முக்காலியை விரித்துப் பாருங்கள், எவ்வளவு கெதியாக செக்யூரிட்டி வருகிறார் என்று தெரியும். ட்ரஃபால்கர் சதுக்கத்துக்குத் தனி விதி, எட்டு ரோயல் பார்க்குகளுக்கும் தனி விதி. தொழில் நோக்கில் எடுத்தால் எழுத்தில் அனுமதி வேண்டும்.)

ஒரு வழி சொல்கிறேன். கமரா எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அந்தச் சின்னத்தை விட்டால், எதைப் பார்க்கிறது என்பது பெரும்பாலும் யாருடைய கவலையும் இல்லை. பக்கத்துத் தெருவின் மூலையில் முக்காலியை வைத்து ஹை ஸ்ட்ரீட்டை நோக்கி எடுங்கள். சிவப்புக் கோடு சில இடங்களில் தெருவுக்குள்ளும் கொஞ்சம் நுழைந்திருக்கும், அது முடியும் இடம் வரை நடந்து போய்ப் பாருங்கள். கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டால் சிலையும் பஸ்ஸும் கூட்டமும் ஒன்றாய் நெருங்கி வந்து வடிவாக இருக்கும். ஒரு விண்ணப்பம் குறையும்.

காப்புறுதி: பப்ளிக் லயபிலிட்டி, அதாவது வெளியாளுக்கு அடிபட்டால் ஈடு கொடுக்கும் காப்புறுதி, பெரும்பாலும் 5 மில்லியன் பவுண்ஸ், சில இடங்களில் 10 மில்லியன் கேட்பார்கள். தொகையைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டாம். அது காப்பின் அளவு, நீங்கள் கட்டுவதில்லை. மூன்று நாளுக்கென்றே குறுகிய காலக் காப்புறுதி எடுக்கலாம். கட்டணம் ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு வேறு. சின்னக் குழு, மாணவர், சொந்தக் காசில் எடுப்பவர் என்றால் குறைப்பார்கள். கேட்காவிட்டால் குறைக்க மாட்டார்கள், அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

அபாய மதிப்பீடு என்பது ஒரு அட்டவணை. எது தவறலாம், யாருக்கு அடிபடலாம், நீங்கள் என்ன செய்வீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே ஒட்டாதீர்கள். "மழை பெய்தால் நடைபாதை இலைகள் வழுக்கும், ஒலிக்காரர் பின்னால் நடக்கும்போது ஒருவர் அவர் முதுகைப் பிடித்து வழிகாட்டுவார்" என்று எழுதினால், இந்தப் பெடியன் அந்தத் தெருவில் நடந்திருக்கிறான் என்று அலுவலருக்குத் தெரியும்.

குடியிருப்பாளர் கடிதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். இதில் நான் பட்ட கதை ஒன்று. கவுன்சில் பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை ஒரு குறுக்குத் தெருவில் ஷூட்டிங். அனுமதி கையில், காப்புறுதி கையில், கடிதம் மட்டும் ஐம்பது வீட்டில் பத்துக்குத்தான் போட்டோம், குளிர் என்று. எட்டேகாலுக்கு நடிகை அழத் தொடங்குகிறார், உண்மையாகவே நன்றாக அழுகிறார், பின்னால் பீப் பீப் பீப். குப்பை லொறி. அந்தத் தெருவுக்கு செவ்வாய்தான் குப்பை நாள். ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று நின்று போக நாற்பது நிமிடம். முப்பத்தெட்டாம் இலக்க வீட்டு மூதாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார். கடிதம் போடாத நாற்பது வீட்டில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு ஓடுவதில்லை. மணி அடித்து இரண்டு வார்த்தை கதைப்பேன். அலுவலரிடமும் முதல் கேள்வி, "இந்தத் தெருவுக்குக் குப்பை என்றைக்கு?"

துப்பாக்கிக் காட்சியைத் தயவுசெய்து தெருவில் எடுக்காதீர்கள். பொம்மை என்று உங்களுக்குத் தெரியும், எதிர்வீட்டு ஜன்னலில் நிற்பவருக்குத் தெரியாது. பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். படப்பிடிப்பு என்றால் முன்கூட்டியே கவுன்சிலுக்கும் பொலிசுக்கும் சொல்லி, பொலிஸ் பதிவு இலக்கம் வாங்கி, அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 999 என்ற அவசர எண்ணுக்கு ஒரு அழைப்புப் போதும், ஆயுதம் ஏந்திய பொலிஸ் வந்து நிற்கும். ஏழு பேர் குழுவுக்கு அது தாங்காது. பொடியன் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவரே நினைத்துக்கொள்வார், காட்சியும் இன்னும் நன்றாக வரும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மஞ்சள் ஜாக்கெட் போட்டுவிட்டால் வாகனத்தை நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அது பொலிசின் அதிகாரம். நடந்து வருபவரைப் "பொறுக்க முடியுமா" என்று கேட்கலாம், முடியாது என்றால் விட்டுவிட வேண்டும். தெருவை மூடுவது, பார்க்கிங்கை நிறுத்தி வைப்பது எல்லாம் பல வாரம் எடுக்கும், உங்களுக்குத் தேவையும் இல்லை. உங்கள் அளவுக்கு மூன்று வாரம் முன்னால் தொடங்கினால் அவசரம் இருக்காது.

படிவத்துக்கு முன் ஃபோன் எடுங்கள். படிவம் நிரப்பிய பிறகு ஃபோன் எடுத்தால் நீங்கள் ஒரு விண்ணப்ப இலக்கம். முன்னால் எடுத்தால் ஆள்.

சும்மா ஒருவன் எழுதுகிறார்:

அக்கா, மூன்று பேர் ஃபோனோடு போனால் என்ன குற்றம் என்று நீங்களும் சொல்லவில்லையே.

முக்காலி அக்கா எழுதுகிறார்:

குற்றம் இல்லை, அதைத்தான் முதலிலேயே சொன்னேன். ஆனால் அவர் ஏழு பேர், விளக்கு, ஒலிக் கம்பு, ஒரு குழந்தை. ஒன்று கேட்கிறேன். உங்கள் இரண்டு படத்தையும் விழாவுக்கோ ஒளிபரப்புக்கோ கொடுத்தீர்களா? கொடுக்கும் நாளில் சிலர் லொக்கேஷன் பேப்பரைக் கேட்பார்கள். அப்போது தெருவுக்குத் திரும்பிப் போய் வாங்க முடியாது.

இரட்டைச்சடை அம்மா எழுதுகிறார்:

மேலே யாரும் குழந்தையைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை. என் மகள் ஒரு விளம்பரத்தில் நடித்தபோது நான் அலைந்தது நினைவுக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

பள்ளி வயதுக் குழந்தை நடித்தால் பெர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ், அதாவது குழந்தை நடிப்பதற்கான அனுமதி வேண்டும். இதைத் தருவதும் லோக்கல் கவுன்சில்தான், ஆனால் படம் எடுக்கும் இடத்துக் கவுன்சில் இல்லை, குழந்தை வசிக்கும் இடத்துக் கவுன்சில். நான் முதலில் தப்பான கவுன்சிலுக்கு அனுப்பி ஒரு வாரத்தைத் தொலைத்தேன். 21 நாளுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் அவர்கள் மறுக்கலாம். பிறப்புச் சான்றிதழ் நகல், ஃபோட்டோ, பள்ளிநேரத்தில் என்றால் தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் கேட்பார்கள்.

உங்களுக்கு ஒரு விலக்கு பொருந்தலாம். குழந்தைக்குச் செலவைத் தவிர சம்பளம் இல்லை, பள்ளியை விட்டு வரவில்லை, முந்தைய ஆறு மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் நடித்ததில்லை என்றால் லைசென்ஸ் தேவைப்படாது. அதனால் அவள் காட்சிகளைச் சனி, ஞாயிறில் வையுங்கள். யூனிஃபார்ம் போட்டுவிட்டால் கேமராவுக்குச் சனிக்கிழமை என்று தெரியவா போகிறது! விலக்கு என்றாலும் அவள் வீட்டுப் பகுதிக் கவுன்சிலுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள், எழுத்தில் பதில் வந்தால் நிம்மதி. அப்புறம், நவம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஏழே முக்கால் ஆகிவிடும், மாலை நாலுக்கு மறைந்துவிடும். குழந்தையை ஆறு மணிக்கு எழுப்பிக் கொண்டுவந்து குளிரில் நிறுத்தாதீர்கள்.

கறுப்புக்குடை எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிலிம் ஆபீசுக்கு ஃபோன் எடுத்தேன். என் ஆங்கிலம் நடுங்கியது. அந்த அம்மா முதலில் கேட்டது கதை என்ன என்று. சொன்னேன். "என் அப்பாவும் இரவு வேலைதான்" என்றார். பிறகுதான் எத்தனை பேர், என்னென்ன சாமான், எத்தனை மணி என்று வந்தது. துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்றதும் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

இரவுக் காட்சிக்கு ஒரு கேள்வி. பதினொரு மணிக்கு மேல் எடுக்கலாமா?

முக்காலி அக்கா எழுதுகிறார்:

கேட்கலாம், ஆனால் கேட்காதீர்கள். இரவு 11 முதல் காலை 7 வரை சத்தத்துக்கென்று சட்டமே இருக்கிறது, குடியிருப்புத் தெருவில் அந்த நேரத்தில் அலுவலருக்குத்தான் முறைப்பாட்டு ஃபோன் வரும். ஐந்து மணிக்கே கும்மிருட்டு, உங்கள் அதிர்ஷ்டம். ஆறு மணிக்கு எடுத்து நடுச்சாமம் என்று காட்டுங்கள். விளக்கை எந்த ஜன்னலுக்கும் நேராக வைக்காதீர்கள்.

படிவத்தில் ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். நடிகர், குழந்தையோடு வருபவர், சும்மா பார்க்க வரும் நண்பர், எல்லாரையும்.

கறுப்புக்குடை எழுதுகிறார் (டிசம்பர்):

முடித்துவிட்டோம். சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன்.

அனுமதி ஒன்பதாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. மூலையிலிருந்து நீள லென்ஸில் ஹை ஸ்ட்ரீட்டை எடுத்தோம், சிலையின் தோளுக்கு மேல் பஸ் வெளிச்சம் போகிறது, நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. குப்பை நாள் வியாழன் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டேன்.

கடிதத்தை நானும் ஒலிக்காரரும் வீடு வீடாகக் கொண்டுபோனோம். ஒரு வீட்டு வாசலில் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு. ஒத்திகையில் தகப்பன் கடக்கும்போதெல்லாம் பளிச்சென்று எரிந்து காட்சியைக் கெடுத்தது. அந்த வீட்டுக்காரர் கடிதத்தில் இருந்த என் எண்ணுக்குத் தானே அழைத்து, "சனிக்கிழமை சுவிட்சை நிறுத்தி வைக்கிறேன், முடிந்ததும் மணி அடியுங்கள்" என்றார். முடிந்ததும் மறந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை போய் மன்னிப்புக் கேட்டு மணி அடித்தேன்.

அப்புறம், அதே சீருடைக்காரர். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றார், கவுன்சில் ஆள்தான் என்று இப்போது தெரியும். இந்த முறை நான் சுருட்டவில்லை. மின்னஞ்சலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக, கடைசி வரி வரை வாசித்தார். பிறகு எங்களை விரலால் ஒவ்வொருவராக எண்ணினார்.

"இதில் ஏழு பேர் என்று இருக்கிறது. நான் எட்டு எண்ணுகிறேன்."

எட்டாவது ஆள் பிள்ளையின் தாய், பிளாஸ்க்கோடு நின்றார். முக்காலி அக்கா சொல்லியும் விட்டுவிட்டேன். என்ன சொல்வதென்று நான் விழிக்க, அந்த அம்மா ஒரு கப்பில் தேநீரை ஊற்றி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "அடுத்த முறை எட்டு என்று போடுங்கள்" என்றபடி போய்விட்டார்.